அப்பளம்போல் நொறுங்கிய கார்!

"கார் அப்பளம்போல் நொறுங்கியது."

இந்த வரியை நான் எத்தனையோ முறை எழுதி இருக்கிறேன். பத்திரிகை ஆபீசில் விபத்துச் செய்தி வந்தால், கை தானாகவே இந்த வரியை எழுதிவிடும்.

அதற்கு அடுத்த வரி என்ன என்பது உங்களுக்கும் தெரியும்.

"காரில் இருந்தவர்கள் அந்த இடத்திலேயே மாண்டார்கள்."

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு நாள் விடியற்காலை. என் டெலிபோன் மணி அடித்தது. அக்காள் மகள் பேசினாள்.

"மாமா! நம்ம கார் லாரியில் மோதிவிட்டது. முன்பக்கம் அப்பளம் மாதிரி நொறுங்கிவிட்டது."

என் உடம்பு நடுங்கியது. நான் எத்தனையோ முறை எழுதிய அந்த அடுத்த வரி கண் முன்னால் வந்து நின்றது.

அவள் சொன்னாள்: "பயப்படாதீங்க மாமா. எல்லோரும் உயிரோடு இருக்கிறோம்."

இருட்டில் நின்ற லாரி

நடந்தது இதுதான்.

சென்னையில் இருந்து திருச்சிக்குக் கல்யாணத்துக்குப் புறப்பட்டார்கள். அத்தான் காரை ஓட்டினார். பக்கத்தில் அக்காள். பின்னால் அத்தானின் தாயாரும், அக்காள் மகளும். அத்தானின் தாயாருக்கு 72 வயது.

உளுந்தூர்பேட்டையைத் தாண்டிக் கார் போய்க்கொண்டிருந்தது. இன்னும் விடியவில்லை. ரோட்டின் ஓரத்தில் ஒரு லாரி நின்றது. பின்னால் சிவப்பு விளக்கு எரியவில்லை. மரக்கிளையைக்கூட ஒடித்துப் போடவில்லை.

அத்தான் பார்த்தார். பிரேக்கை மிதித்தார். காரைத் திருப்பினார். ஆனாலும் பாதி முன்பக்கம் லாரியின் முதுகில் போய் மோதியது.

அத்தானுக்கு இரண்டு விலா எலும்பு முறிந்தது. அக்காளுக்குக் கணுக்காலில் முறிவு. அத்தானின் தாயாருக்குக் காறை எலும்பில் விரிசல். அக்காள் மகளுக்கு ஊமைக் காயம். நால்வரும் ஆஸ்பத்திரியில் இருந்து வீடு திரும்பினார்கள்.

ஊரார் சொன்னார்கள்: "தெய்வம் காப்பாற்றியது!"

நானும் கையெடுத்துக் கும்பிட்டேன். அதில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை.

ஆனால் போலீஸ் நிலையத்துக்கு வெளியே அந்தக் காரைப் பார்த்தபோது, ஒரு மெக்கானிக் எனக்கு வேறு ஒரு பாடமும் சொன்னார்.

மெக்கானிக் காட்டியது

காரின் முன்பக்கத்தைப் பார்த்தேன். இஞ்சின் மூடி மடிந்து கிடந்தது. விளக்குகள் இல்லை. பம்பர் இல்லை. எல்லாம் கசங்கிய காகிதம் போலக் கிடந்தது.

"இதில் இருந்தா பிழைத்தார்கள்?" என்று கேட்டேன்.

மெக்கானிக் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் வந்து டிரைவர் கதவைத் திறந்தார். அது திறந்தது! அடுத்த கதவையும் திறந்தார். அதுவும் திறந்தது. நான்கு கதவுகளும் திறந்தன.

"உள்ளே பாருங்க சார். உட்கார்ந்த இடத்தில் ஒரு கோணல் உண்டா? ஸ்டியரிங் நெஞ்சுக்கு வந்ததா? மேல்கூரை இறங்கியதா? முன்பக்கம் அடியை வாங்கிக்கொண்டது. ஆட்கள் இருந்த கூட்டை விட்டுவிட்டது. வண்டியை அப்படிச் செய்திருக்கிறார்கள்."

அதுவரை நான் நினைத்தது வேறு. நொறுங்குகிற கார் மட்டமான கார். நொறுங்காத கார் நல்ல கார் என்று எண்ணி இருந்தேன். உங்களில் பலரும் அப்படித்தான் நினைப்பீர்கள். "அந்தக் காலத்துக் கார் என்றால் இரும்பு! இந்தக் காலத்துக் கார் வெறும் தகரம்!" என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள்.

அது தவறு. நொறுங்க வேண்டிய இடத்தில் நொறுங்கி, நொறுங்கக்கூடாத இடத்தில் உறுதியாக நிற்பதுதான் நல்ல கார்.

தேங்காய் சொல்லும் பாடம்

இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். ஒரு தென்னை மரம் போதும்.

தென்னையில் இருந்து தேங்காய் விழுகிறது. அத்தனை உயரத்தில் இருந்து விழுந்தும் உடைவதில்லை. ஏன்? வெளியே மட்டையும் நாரும் இருக்கின்றன. மட்டை அமுங்கி அடியை வாங்கிக்கொள்கிறது. உள்ளே ஓடு கெட்டியாக நின்று பருப்பைக் காக்கிறது. அதே தேங்காயை உரித்துவிட்டு அவ்வளவு உயரத்தில் இருந்து கல்லின் மீது போடுங்கள். சுக்கு நூறாகும்.

நல்ல காரும் அப்படியே. முன்பக்கமும் பின்பக்கமும் மட்டை. நாம் உட்காரும் இடம் ஓடு.

இன்னொரு கணக்கும் பாருங்கள். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் சுவரில் மோதினால், அது சுமார் 10 மீட்டர் உயரத்தில் இருந்து விழுவதற்குச் சமம். அதாவது மூன்று மாடி வீட்டின் மொட்டை மாடியில் இருந்து குதிப்பதுபோல!

கல் தரையில் குதித்தால் உயிர் போகும். வைக்கோல் போரில் குதித்தால் பிழைக்க வழி உண்டு. உயரம் ஒன்றுதான். ஆனால் வைக்கோல் நம்மைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்துகிறது. கல் ஒரே நொடியில் நிறுத்துகிறது.

காரின் முன்பக்கம் ஒரு முழம், ஒன்றரை முழம் நசுங்குகிறதே, அதுதான் வைக்கோல் போர். அந்த ஒன்றரை முழத்தில் இருக்கிறது உயிர்.

இதைக் கண்டவர் யார்?

இது தானாக வந்த அதிர்ஷ்டம் அல்ல. மனிதர்கள் உட்கார்ந்து யோசித்துச் செய்தது.

பேலா பாரெனி என்று ஒரு இஞ்சினியர். 1907-ம் ஆண்டு ஆஸ்திரியாவில் பிறந்தவர். 1939-ல் ஜெர்மனியில் மெர்சிடிஸ் கார் செய்யும் டைம்லர்-பென்ஸ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார்.

அந்த நாளில் எல்லாக் கம்பெனிகளும் காரை முழுவதும் கெட்டியாகச் செய்யவே பாடுபட்டன. பாரெனி வேறு மாதிரி நினைத்தார். "முன்பக்கமும் பின்பக்கமும் நசுங்கட்டும். நடுவில் ஆட்கள் இருக்கும் கூடு மட்டும் நசுங்கக்கூடாது" என்பது அவருடைய எண்ணம்.

இந்த எண்ணத்துக்கு அவர் 1951-ல் காப்புரிமை கேட்டார். 1952-ல் கிடைத்தது. 1959-ல் இந்த முறையில் செய்த மெர்சிடிஸ் கார் விற்பனைக்கு வந்தது.

பாரெனி 2,500-க்கும் மேற்பட்ட காப்புரிமைகள் பெற்றவர். 1997-ல் காலமானார். இன்று ரோட்டில் ஓடும் எந்த நல்ல காரைப் பார்த்தாலும், அதில் அவருடைய மூளை இருக்கிறது.

பழைய காரும் புதுக் காரும் மோதின!

"இருந்தாலும் பழைய கார்தான் கெட்டி" என்று சொல்பவர்களுக்கு ஒரு செய்தி.

2009-ம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு சோதனை நடத்தினார்கள். நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்காக இன்சூரன்ஸ் கம்பெனிகள் நடத்தும் நிலையம் அதை நடத்தியது.

1959-ம் ஆண்டின் செவர்லே பெல் ஏர் கார் ஒன்று. நீளமான, கனமான கார். 2009-ம் ஆண்டின் செவர்லே மாலிபு கார் மற்றொன்று. இரண்டையும் எதிர் எதிரே விட்டார்கள். ஒவ்வொன்றும் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகம். டிரைவர் சீட்டில் ஆளுக்குப் பதிலாகப் பொம்மை.

மோதின.

பழைய காரில் ஆள் உட்காரும் இடமே சிதைந்து போனது. நிஜமான ஆள் இருந்திருந்தால் பிழைத்திருக்க முடியாது. புதுக் காரில் முன்பக்கம் நசுங்கியது. ஆனால் உட்காரும் கூடு நின்றது. அந்த டிரைவருக்குக் காலில் மட்டுமே காயம் பட்டிருக்கும் என்று கணக்கிட்டார்கள்.

50 ஆண்டுகளில் மனித மூளை செய்த வேலை இது!

தோளில் ஒரு பட்டை

கூடு கெட்டியாக நின்றால் மட்டும் போதாது. உள்ளே இருப்பவரும் அந்தக் கூட்டோடு சேர்ந்து நிற்க வேண்டும்.

கார் நின்றுவிடும். ஆனால் நம் உடம்பு நிற்காது. அதே வேகத்தில் முன்னால் பாயும். கண்ணாடியில் தலை போய் மோதும். ஸ்டியரிங்கில் நெஞ்சு மோதும்.

இதைத் தடுத்தவர் நில்ஸ் பூலின். ஸ்வீடன் நாட்டுக்காரர். முதலில் விமானக் கம்பெனியில் வேலை பார்த்தார். விமானம் ஆபத்தில் சிக்கினால், விமானியை ஆசனத்தோடு வெளியே தூக்கி எறியும் ஏற்பாட்டைச் செய்தவர்களில் அவரும் ஒருவர். 1958-ல் வால்வோ கார் கம்பெனியில் சேர்ந்தார்.

அதற்கு முன்பும் பெல்ட் இருந்தது. பெரும்பாலும் இடுப்பை மட்டும் பிடித்தது. பூலின் தோளையும் இடுப்பையும் சேர்த்து மூன்று இடத்தில் பிடிக்கும் பெல்ட்டைச் செய்தார். ஒரே கையால் மாட்டலாம். 1959-ல் அது காரில் வந்தது.

வால்வோ கம்பெனி அந்தக் காப்புரிமையைப் பூட்டி வைக்கவில்லை. "யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம்" என்று மற்றக் கம்பெனிகளுக்கும் திறந்துவிட்டது. இன்று உலகத்தில் உள்ள ஏறக்குறைய எல்லாக் கார்களிலும் இருப்பது அந்தப் பெல்ட்தான்.

முன் சீட்டில் இருப்பவர் பெல்ட் போட்டால், விபத்தில் சாகும் ஆபத்து ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஏர்பேக் என்னும் காற்றுப் பையும் இருக்கிறது. மோதிய உடனே, கண் இமைப்பதற்குள் அது உப்பிவிடும். ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. காற்றுப் பை பெல்ட்டுக்குத் துணை. பெல்ட்டுக்குப் பதில் அல்ல. பெல்ட் போடாதவர் முன்னால் பாயும்போது, வேகமாக உப்பி வரும் பையே அவரைக் காயப்படுத்தலாம்.

நம் நாட்டுக் கதை

நசுங்கும் முன்பக்கமும், மூன்று இடத்தில் பிடிக்கும் பெல்ட்டும் 1959-லேயே வந்துவிட்டன. நம் நாட்டுச் சாதாரணக் குடும்பத்துக்கு எப்போது வந்தன?

2014-ம் ஆண்டு ஜனவரியில், குளோபல் என்கேப் என்ற சர்வதேச அமைப்பு, இந்தியாவில் விற்ற ஐந்து சிறு கார்களை மோதிப் பார்த்தது. மணிக்கு 64 கிலோமீட்டர் வேகம். நட்சத்திரம் கொடுப்பது வழக்கம். ஐந்து நட்சத்திரம் என்றால் மிக நல்ல கார்.

ஐந்து கார்களும் வாங்கியது என்ன? பூஜ்யம்! ஒன்றுக்குக்கூட ஒரு நட்சத்திரம் இல்லை.

அவை எல்லாம் காற்றுப் பை இல்லாத, விலை குறைந்த ரகங்கள். சிலவற்றில் உட்காரும் கூடே கெட்டியாக இல்லை. ஆனால் இரண்டு கார்களின் கூடு நன்றாக இருந்தது. அவற்றில் ஒன்றைச் செய்த கம்பெனி இரண்டு காற்றுப் பைகளைச் சேர்த்து மறுபடியும் சோதனைக்குக் கொடுத்தது. இப்போது நான்கு நட்சத்திரம் கிடைத்தது!

பூஜ்யத்துக்கும் நான்குக்கும் நடுவே இருந்தது இரண்டு பைகள்தான். செய்யத் தெரியாமல் இல்லை. நாம் கேட்கவில்லை, அவர்கள் வைக்கவில்லை.

பிறகு காலம் மாறியது. 2017-ல் இருந்து புது ரகக் கார்களுக்கும், 2019-ல் இருந்து எல்லாக் கார்களுக்கும் மோதல் சோதனை கட்டாயம் ஆனது. 2018 டிசம்பரில், இந்தியாவில் செய்த டாட்டா நெக்சான் கார் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. நம் நாட்டில் செய்து நம் நாட்டிலேயே விற்ற கார்களில் அதுவே முதல்.

2023-ம் ஆண்டு மத்திய அரசு, "பாரத் என்கேப்" என்ற பெயரில் நம் நாட்டிலேயே நட்சத்திரம் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது.

நம் நாட்டிலும் நல்ல கார் செய்ய முடியும் என்று தெரிந்துவிட்டது. இனி சாக்குச் சொல்ல இடம் இல்லை.

நான் செய்த தவறு

இப்போது ஒரு உண்மையை ஒப்புக்கொள்கிறேன்.

அத்தான் அந்தக் காரை வாங்கியபோது வீட்டில் நான்கு நாள் சண்டை. அவர் பார்த்து வைத்தது வேறு கார். விலை குறைவு. மைலேஜ் அதிகம். முன்னால் பெரிய டி.வி. மாதிரித் திரை.

அக்காள் மகள் ஒத்துக்கொள்ளவில்லை. "அதற்கு எத்தனை நட்சத்திரம்? பின் சீட்டில் நடுவில் இருப்பவருக்கும் தோள் பெல்ட் உண்டா?" என்று கேட்டாள். அவள் சொன்ன காருக்கு எண்பதாயிரம் ரூபாய் கூடுதல்.

பஞ்சாயத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பாதி நாள் கார் வீட்டு வாசலில் நிற்கப் போகிறது. மீதி நாள் டவுனுக்குள் ஓடப் போகிறது. இதற்கு எதற்கு எண்பதாயிரம்?" என்றேன். படித்தவன். பத்திரிகையில் வேலை பார்ப்பவன். விபத்துச் செய்தி எழுதியே விரல் தேய்ந்தவன். அப்படியும் அதைத்தான் சொன்னேன்.

அவள் அழுதாள். சாப்பிட மறுத்தாள். கடைசியில் அத்தான் மனம் இரங்கினார். கடன் தவணையை ஒரு வருஷம் நீட்டிக்கொண்டு அவள் சொன்ன காரையே வாங்கினார்.

என் பேச்சை அன்று கேட்டிருந்தால்? அதை நினைத்தால் இன்றும் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

கல்யாணத்துக்குப் பட்டுப் புடைவை எடுக்கப் போகிறோம். நூலை இழுத்துப் பார்க்கிறோம். கத்தரிக்காய் வாங்கினால் காம்பைத் திருப்பிப் பார்க்கிறோம். பிள்ளை குட்டிகளை ஏற்றிச் செல்லும் காருக்கு மட்டும் நிறத்தையும் மைலேஜையும் பார்த்தால் போதுமா?

பின் சீட்டில் உட்கார்ந்தால் பயமில்லையா?

அன்று காலை புறப்படும்போது நடந்ததையும் சொல்ல வேண்டும்.

பாட்டி பெல்ட் போட மறுத்தார். "என்னை என்ன கட்டிப் போடுகிறாயா? பின்னால் இருப்பவளுக்கு எதற்கடி இது?" என்று திட்டினார். பேத்தி விடவில்லை. குனிந்து, தானே மாட்டிவிட்டாள்.

காறை எலும்பில் விரிசல் விழுந்தது அந்தப் பெல்ட் அழுத்தியதால்தான். டாக்டர் சொன்னார்: "எலும்பு ஆறு வாரத்தில் கூடிவிடும். பெல்ட் இல்லாமல் இருந்தால் கூடுவதற்கு ஒன்றும் இருந்திருக்காது."

பின் சீட் பத்திரம் என்பது பெரிய மூடநம்பிக்கை. பெல்ட் போடாமல் பின்னால் இருப்பவர், மோதும்போது முன் சீட்டின் மீது பாய்கிறார். தானும் அடிபடுகிறார். முன்னால் இருப்பவரையும் நசுக்குகிறார்.

2022-ம் ஆண்டு செப்டம்பர் 4-ந் தேதி நடந்ததை நாடே அறியும். டாட்டா சன்ஸ் கம்பெனியின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி, மராட்டிய மாநிலம் பால்கர் மாவட்டத்தில் விபத்தில் மாண்டார். சூர்யா நதிப் பாலத்தின் தடுப்பில் கார் மோதியது. அது உயர்ந்த ரக மெர்சிடிஸ் கார்.

காரில் நான்கு பேர். முன் சீட்டில் இருந்த இருவரும் பலத்த காயத்தோடு உயிர் பிழைத்தார்கள். பின் சீட்டில் இருந்த இருவரும் இறந்தார்கள். பின்னால் இருந்தவர்கள் பெல்ட் அணியவில்லை என்று போலீசார் தெரிவித்தனர்.

பணம் இருந்தது. நல்ல கார் இருந்தது. பெல்ட்டும் அங்கேயே இருந்தது!

2022-ல் மட்டும் நம் நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் பெல்ட் அணியாமல் இறந்தவர்கள் 16,715 பேர். இவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் வண்டி ஓட்டியவர்கள் அல்ல. சும்மா உட்கார்ந்து வந்தவர்கள்! இது மத்திய அரசின் கணக்கு.

பின் சீட்டுக்கும் பெல்ட் கட்டாயம் என்று சட்டம் இருக்கிறது. அணியாவிட்டால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்று 2019-ல் திருத்திய சட்டம் சொல்கிறது. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. பெல்ட் சீட்டு உறைக்கு அடியில் இருக்கிறது.

காசு கொடுத்து வாங்கும் ஆபத்து

சிலர் நல்ல காரை வாங்கி, பிறகு காசு கொடுத்து அதைக் கெடுக்கிறார்கள்.

காரின் முன்னால் கனமான இரும்புக் குழாயில் தடுப்பு மாட்டுகிறார்கள். "பாதுகாப்பு" என்று பெயர்! மட்டை நசுங்க வேண்டும் என்று பாரெனி பாடுபட்டார். இவர்கள் மட்டைக்கு மேல் இரும்பு கட்டுகிறார்கள். அடி நேராகக் கூட்டுக்குள் போகிறது. காற்றுப் பை சரியான நேரத்தில் உப்புவதும் தவறலாம். ரோட்டில் நடந்து போகிறவருக்கும் அது எமன். 2017 டிசம்பரில் மத்திய அரசு இதன் மீது நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதியது.

இன்னும் சிலர், பெல்ட் போடச் சொல்லிக் கார் கூப்பிடும் மணியை நிறுத்துவதற்கு, வெறும் கொக்கியை வாங்கி மாட்டுகிறார்கள். உயிரைக் காக்க அடிக்கும் மணியின் வாயைக் காசு கொடுத்து அடைக்கிறார்கள்!

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்காராதீர்கள். "நான் இறுக்கிப் பிடித்துக்கொள்வேன்" என்று நினைக்காதீர்கள். மூன்று மாடியில் இருந்து விழும் குழந்தையைக் கையால் பிடிக்க முடியுமா? மோதும்போது அந்தக் கனம்தான் உங்கள் கையில் இருந்து பாயும். குழந்தைக்கு என்று விற்கும் சீட்டைப் பின்னால் பொருத்தி, அதில் உட்கார வையுங்கள்.

கார் இல்லாதவர்களுக்கு

"எங்களுக்கு ஏது கார்?" என்று கேட்பீர்கள்.

நியாயமான கேள்வி. நம்மில் பெரும்பாலோர் காரை வாங்குவதில்லை. ஆனால் ஏறாமல் இருக்கிறோமா? கோவிலுக்கு வாடகைக் கார். கல்யாணத்துக்கு வாடகைக் கார். பிரசவத்துக்கும் வாடகைக் கார்.

ஏறியவுடன் பெல்ட்டைத் தேடுங்கள். சீட்டு உறைக்கு அடியில் புதைந்து கிடக்கும். டிரைவரிடம் மரியாதையாகச் சொல்லுங்கள்: "அண்ணே, அந்தப் பெல்ட்டைக் கொஞ்சம் எடுத்து விடுங்க." ஐந்து பேர் உட்காரும் காரில் ஒன்பது பேர் ஏறாதீர்கள். ஒன்பது பேருக்குப் பெல்ட் கிடையாது.

சர்க்காருக்கும் ஒன்று சொல்ல வேண்டும்.

நட்சத்திரம் வாங்குவது கம்பெனிகள் விரும்பினால் செய்துகொள்ளும் காரியம் என்றே 2023-ல் திட்டம் தொடங்கியது. இது கட்டாயம் ஆக வேண்டும். விலைச் சீட்டைப்போல நட்சத்திரச் சீட்டையும் ஒவ்வொரு கார் மீதும் ஒட்ட வேண்டும். வாடகைக்கு ஓடும் கார்களுக்குக் கண்டிப்பாக நல்ல நட்சத்திரம் வேண்டும். ஏனென்றால் அதில் ஏறுகிற ஏழை, காரைத் தேர்ந்தெடுப்பதில்லை. அவனுக்கு வந்து நிற்கிற காரில் ஏறுகிறான்.

பணக்காரன் உயிருக்கு ஆறு காற்றுப் பை, ஏழை உயிருக்கு இரண்டு என்று கணக்குப் போடுவது நியாயம் அல்ல. திரையும் பாட்டுப் பெட்டியும் காசுக்குத் தக்கபடி இருக்கட்டும். உயிர்க் காவல் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

வேகத்துக்கு லைசென்சு அல்ல

கடைசியாக ஒரு எச்சரிக்கை.

"என் கார் ஐந்து நட்சத்திரம்" என்று வேகமாகப் போகாதீர்கள். வேகம் இரண்டு மடங்கு ஆனால், அடி நான்கு மடங்கு ஆகும். 50 கிலோமீட்டர் வேகம் மூன்று மாடி என்றால், 100 கிலோமீட்டர் வேகம் பன்னிரண்டு மாடி! சோதனை செய்வது 64 கிலோமீட்டர் வேகத்தில். அதற்கு மேல் போனால், எந்த நட்சத்திரமும் உத்தரவாதம் கொடுக்காது.

உங்கள் கார் உங்களைத்தான் காக்கும். எதிரே சைக்கிளில் வருகிறவருக்கு மட்டையும் இல்லை, ஓடும் இல்லை. அவரைக் காப்பது உங்கள் கால், பிரேக்கின் மீது இருக்கிற உங்கள் கால்தான்.

அடுத்த வரி

அத்தான் இப்போது நன்றாக இருக்கிறார். மழை பெய்தால் மட்டும் விலாவில் வலிக்கிறது என்கிறார். அக்காள் கோலம் போடுகிறாள். பாட்டி காரில் ஏறினால் முதலில் பெல்ட்டைத்தான் தேடுகிறார். போடாதவர்களைத் திட்டுகிறார்.

நான் அன்று முதல் விபத்துச் செய்தி வரும்போது இரண்டு கேள்விகள் கேட்டு எழுதுகிறேன். பெல்ட் போட்டிருந்தார்களா? உட்கார்ந்த இடம் நின்றதா?

பல நாள் பழைய வரியைத்தான் எழுத வேண்டி இருக்கிறது. எப்போதாவது ஒரு நாள் இப்படி எழுதக் கிடைக்கிறது:

"கார் அப்பளம்போல் நொறுங்கியது. அதில் இருந்த நான்கு பேரும் உயிர் தப்பினார்கள்."

இந்த வரியை அடிக்கடி எழுத எனக்கு ஆசை. அது பாதி கார் செய்பவர்கள் கையில் இருக்கிறது. மீதிப் பாதி உங்கள் தோளுக்குப் பக்கத்திலேயே தொங்குகிறது. இழுத்து மாட்டுங்கள்!